பேசாத நேரத்துக்கும் இடம் வேண்டும்

ஆபீஸ் போன் நன்றாகக் கேட்கிற வரைக்கும் எங்கள் தொழிலில் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. கரகரத்த அடுத்த நொடி என் பெயர், என் ஊர், நான் படித்த காலேஜ் எல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்களுக்குத் தியாகதுருகத்திலும் வடக்கனந்தலிலும் கிளைகள், கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன கிளினிக். இந்த நாலு இடத்துக்கும் நடுவில் பில், ரிப்போர்ட், கேமரா, ஊழியர்கள் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பார்க்கிற வீடியோ, டெலிபோன் பேச்சு எல்லாம் ஒரே லைனில்தான் போகும். மற்றவை இரண்டு நொடி தாமதமாக வந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. பேச்சு அப்படியில்லை. கொஞ்சம் பிந்தினாலும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுவார்கள், இன்னும் பிந்தினால் வார்த்தை பாதியில் உதிர்ந்துவிடும். அதனால் பேச்சுக்கென்று லைனில் கொஞ்சம் இடத்தை, எங்கள் பாஷையில் பேண்ட்வித்தை, ஒதுக்கி, மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிடச் சொல்லி நெட்வொர்க் பெட்டிகளுக்கு உத்தரவு எழுதி வைப்பேன்.

மலைக்குப் போகிற லைன் மெலிந்தது. டவருக்கு டவர் ரேடியோவில் தாவிப் போவது. அங்கே செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற பாறையில் ஏறி நிற்க வேண்டும்; மழை பெய்தால் அதுவும் கிடையாது. மலைமேல் இருக்கிற நர்ஸ் சாந்தி சிஸ்டருக்கும் கீழே இருக்கிற டாக்டரம்மாவுக்கும் நடுவில் அந்த மேசை போன் ஒன்றுதான். இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து திட்டு வாங்குகிற புண்ணியவான்களே, அந்த ஒரு லைனை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்க சொல்லுங்க

வடக்கனந்தல் கிளையில் மருந்து பார்ப்பவர் ஜோசப் அண்ணன். மலைக்கு வேண்டிய மருந்தை ஜீப்பில் ஏற்றி அனுப்புவது அவர்தான், அதற்காக மத்தியானத்தில் சாந்தி சிஸ்டரோடு போனில் பேசுவார். அதே நேரத்தில்தான் மலையிலிருந்து கம்ப்யூட்டர் கோப்புகள் கீழே நகல் ஆகிக்கொண்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேச்சுக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. கோப்புகளுக்குப் பின்னால் நின்று பேச்சும் மெதுவாகத்தான் வரும்.

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர் கத்தி முந்திக்கொண்டிருப்பார். எங்கள் ஊரில் மரியாதை குறுக்கே வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பிப்பார்கள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். "நீங்க சொல்லுங்கண்ணா." "இல்ல சிஸ்டர், நீங்க சொல்லுங்க." இந்த உபசாரமும் தாமதமாகப் போய்ச் சேருவதால் அதுவும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. பாம்புக்கடி ஊசி இருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்வி மலையிலிருந்து இறங்கவே முடியாமல் தவித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கே பேச்சுக்குத் தனி வழி ஒதுக்கினேன். மறுநாள் ஜோசப் அண்ணன் எனக்குப் போன் செய்து நன்றி சொன்னார். "மருந்து பேர விட 'நீங்க சொல்லுங்க'தாம்மா இத்தினி நாளு ஜாஸ்தி பேசிக்கினு இருந்தோம்."

யாரும் வராத ரோடு

எங்கள் நிர்வாக அதிகாரியை ஏ.ஓ. சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் இல்லை. காலியாகக் கிடக்கிற எதைப் பார்த்தாலும் அவருக்கு மனசு ஆறாது, அவ்வளவுதான். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் இரண்டாவது மாடியிலிருந்து இறங்கி வந்து அணைப்பார்.

ஒருநாள் என் அறைக்கு வந்தவர் திரையில் ஓடிய மலை லைனின் வரைபடத்தைப் பார்த்துவிட்டார். பேச்சுக்கு நான் ஒதுக்கிய இடம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். மலையிலிருந்து ஓயாமல் யார் பேசுகிறார்கள்? வருகிற கால் வரும்போது இடம் இருக்க வேண்டும், அதற்காகத்தான் ஆம்புலன்சுக்கு விடுகிற மாதிரி ஒரு ஓரத்தை விட்டு வைத்திருக்கிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்தார். "யாருமே வராத ரோட்டுக்கு எதுக்கும்மா வாட்ச்மேன்?"

மாப்பிள்ளையின் கை

ஏ.ஓ. சாரின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் பத்திரிகையோடு நேரலை லிங்க்கும் சேர்ந்து வருகிறது. லீவு கிடைக்காத ஊழியர்கள் வருத்தப்படக் கூடாதென்று சாரே அந்த லிங்க்கை எங்கள் குரூப்பில் போட்டு, அவசியம் காணவும் என்று எழுதியிருந்தார். அதிகாரி சொன்ன பிறகு காணாமல் இருக்க முடியுமா? முகூர்த்த நேரத்துக்கு நாலு இடத்திலும் ஆளுக்கொரு திரையில் கல்யாணம் ஓடியது. ஒரே திரையில் பத்துப் பேர் சேர்ந்து பார்க்கலாமே என்று நான் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரியாகத் தாலி கட்டுகிற சமயத்தில் சாந்தி சிஸ்டரிடமிருந்து கால். ஒரு குழந்தைக்கு ஜன்னி கண்டிருந்தது. பெட்டிகள் என் உத்தரவுப்படி பேச்சுக்கு வழிவிட்டன. நெருக்கியடித்துக்கொண்டிருந்த கல்யாணம் அப்படியே உறைந்துபோனது. டாக்டரம்மா சொன்ன மருந்தின் அளவு ஒரு எழுத்துக்கூடச் சிதறாமல் மேலே போய்ச் சேர்ந்தது, குழந்தை தேறிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எல்லாருக்கும் நான்தான் குற்றவாளி. எங்கள் டெலிபோன் ஆபரேட்டர் மல்லிகா அக்கா என் அறைக்கே வந்து சொன்னார். "தாலி எடுத்தாரு, கை அப்பிடியே நின்னுடுச்சி எஸ்தரு, மறுபடி படம் வந்து பாத்தா எல்லாரும் பந்தில உக்காந்து சாப்ட்டுக்கினு கீறாங்க."

இரண்டு தடவை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மலையிலிருந்து ஒரு அம்மாவைக் காய்ச்சல் முற்றிய நிலையில் கீழே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். புருஷன்காரர் கூடவே இருந்தார். ஆடுகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மலைக்குப் போன அன்று அந்த அம்மா இறந்துபோனார். டாக்டரம்மா இந்த மாதிரிச் செய்தியை வேறு யார் வாயாலும் சொல்ல விடமாட்டார். சாந்தி சிஸ்டர் அந்த மனிதரைக் கிளினிக்குக்கு அழைத்துவந்து ரிசீவரைக் கையில் கொடுத்தார். டாக்டரம்மா தன்மையாக, ஆனால் சுற்றி வளைக்காமல், விஷயத்தைச் சொன்னார். எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து டாக்டரம்மா வைத்துவிட்டார். திரும்பவும் போட்டார், அந்த மனிதரே எடுத்தார், டாக்டரம்மா திரும்பவும் முதலிலிருந்து சொன்னார்.

லைன் போகவே இல்லை. பேண்ட்வித்தை மிச்சப்படுத்த இந்தப் போன் பெட்டிகளில் ஒரு ஏற்பாடு உண்டு. ஆள் பேசாத நேரத்தில் பெட்டி எதையும் அனுப்பாது. எது பேச்சு, எது மௌனம் என்று அதுவே முடிவு செய்யும். மெல்லிய சத்தமெல்லாம் அதன் கணக்கில் மௌனம்தான். விற்ற கம்பெனி அப்படி வைத்தே அனுப்பியிருந்தது, எல்லா ஆபீசிலும் அப்படித்தான் ஓடுகிறது. கடையில் சரக்கு இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு அது போதும். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வாயடைத்து நிற்கிற ஒரு மனிதருக்குப் போதாது.

டாக்டரம்மா என் அறைக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அந்த மனிதர் கடைசியில் என்ன சொன்னார் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். "மொத தபாவே கேட்டுச்சிங்கம்மா, பேச்சுதாங்க வரல."

எங்கேஜ்

மலை லைனில் அந்த மிச்சப்படுத்துகிற ஏற்பாட்டை அன்றைக்கே எடுத்துவிட்டேன். இனி பேசினாலும் பேசாவிட்டாலும் அந்தப் பக்கத்துச் சத்தம் அப்படியே வரும். தகரக் கூரையில் மழை விழுவது, வாசலில் யாரோ இருமுவது, எல்லாம். ஆனால் மௌனத்துக்கும் இடம் பிடிக்கும். முன்பு ஒரே சமயத்தில் ஐந்து பேர் பேச முடிந்த இடத்தில் இப்போது மூன்று பேர்தான். நாலாவது ஆளையும் உள்ளே விட்டால் நாலு பேருடைய பேச்சும் உடையும், ஆகவே நாலாவது ஆளுக்கு எங்கேஜ் சத்தம் போகும்படி வைத்தேன். அவசர எண் மட்டும் எப்போதும் நுழையும்.

இந்த எங்கேஜுக்கான வசவெல்லாம் மல்லிகா அக்கா தலையில்தான் விழும். மன்னிப்புக் கேட்கப் போனேன். மல்லிகா அக்கா கருணாபுரத்துக்காரர். விஷச்சாராயம் குடித்து அங்கே வீட்டுக்கு வீடு சாவு விழுந்த அந்த வாரத்தில் அவருடைய தம்பியும் போனார், மூட்டை தூக்குகிறவர். செய்தி கேள்விப்பட்டதும் அக்கா ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தம்பியின் செல்லுக்குப் போட்டுக்கொண்டே இருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அதைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் பேசியதில்லை. அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "எங்கேஜ் வந்தா இன்னா எஸ்தரு, யாரோ பேசிக்கினு கீறாங்கன்னு அர்த்தம், அடிச்சிக்கினே இருந்து எடுக்காம போவுது பாரு, அதான் தாங்காது."

திங்கட்கிழமை வரைக்கும்

ஏ.ஓ. சாருக்கு விஷயம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. மலைக் கிளினிக்கின் மருந்து அறையில் கேமரா வைத்து, படம் நேராகக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும் என்று நிர்வாகக் குழு சொல்லியிருந்தது. அதற்கு இடம் எங்கே என்று தேடி என்னிடம் வந்தார். ஐந்து பேர் பேசிய லைனில் மூன்று பேர், மீதி இடத்தில் மௌனம் என்று நான் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பேசாததுக்கெல்லாம் எடம் குடுத்தா பேசறதுக்கு எங்கம்மா எடம்?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், வந்தது. இறந்துபோன அம்மாவின் கதையைச் சொன்னேன். அவரும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, திங்கட்கிழமை பழையபடி மாற்றிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வருத்தம் ஒருவருக்கு, கேமரா எல்லாருக்கும் என்பது அவர் எண்ணம்.

சனிக்கிழமை காலையிலிருந்து மலையில் விடாத மழை. மத்தியானம் அவசர எண்ணில் சாந்தி சிஸ்டர். பிரசவ நாள் நெருங்காத ஒரு பெண்ணுக்கு வலி வந்துவிட்டது. கீழே அழைத்துப்போக வந்த ஆம்புலன்ஸ் வளைவில் மரம் விழுந்து நிற்கிறது. டாக்டரம்மா தன் அறையில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். லைன் நடுவில் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னையும் கூப்பிட்டுவிட்டார். கையெழுத்து வாங்க வந்த ஏ.ஓ. சாரும் ஃபைலோடு அப்படியே நின்றுவிட்டார். சாந்தி சிஸ்டர் மேலேயும் ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தார். அந்தப் பெண்ணின் அலறல், சிஸ்டரின் அதட்டல், மழை எல்லாம் கேட்டது. பிறகு அலறல் நின்றது.

"பொறந்துடுச்சி டாக்டர். அழுவல."

அதன் பிறகு சிஸ்டர் பேசவில்லை. அவருக்கு இரண்டு கைதானே. லைனில் மழை மட்டும். ஏ.ஓ. சார் என்னைப் பார்த்து, "கட்டாயிடுச்சாம்மா?" என்றார். டாக்டரம்மா ஒரு விரலைத் தூக்கி அவரை அடக்கிவிட்டு ஸ்பீக்கரோடு காதை வைத்தார். மழைக்கு அடியில் ஒரு சத்தம் இருந்தது. பால் பொங்குமுன் பாத்திரத்துக்குள் கேட்கிற மாதிரி ஒரு சின்னக் கொப்புளிப்பு. நான் முதலில் அதை லைன் கோளாறு என்றே நினைத்தேன். பழைய ஏற்பாடு இருந்திருந்தால் அதையும் மௌனம் என்று முடிவு செய்து பெட்டி மலையிலேயே நிறுத்தியிருக்கும்.

"சாந்தி, மூச்சு விடப் பாக்குது, எனக்குக் கேக்குது. தொண்டையில சளி. முதல்ல அத உறிஞ்சி எடு. எடுத்துட்டு முதுகத் தேச்சு விடு. நான் இங்கயே கேட்டுட்டு இருக்கேன்." மறுபடியும் மழை. துணி உரசுகிற சத்தம். அந்தக் கொப்புளிப்பு நின்றது. அது நின்றது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா முகத்திலும் தெரியவில்லை. நான் வேண்டிக்கொண்டேன். ஏ.ஓ. சாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் குழந்தை அழுதது. ஸ்பீக்கர் கரகரக்கிற அளவுக்கு அழுதது. அந்தக் கரகரப்பைச் சரிசெய்ய நான் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை. தாயின் விசும்பலும் பிள்ளையின் அழுகையும் மழையும் கீழே வந்துகொண்டே இருந்தன. கடைசியில், "யாரு, லைன்ல இருக்கீங்களா?" என்று சிஸ்டர் கேட்டபோது டாக்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏ.ஓ. சார்தான் குனிந்து பதில் சொன்னார். "இருக்கோம்மா, எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

திங்கட்கிழமை வந்தது. உத்தரவு உத்தரவுதானே, அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று மாடி ஏறிப் போனேன். சார் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கேமரா படத்தை லைனில் அனுப்பாமல் கிளினிக்கிலேயே ஒரு பெட்டியில் பதிந்து வைத்து, ஜீப் வரும்போது எடுத்துவர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அப்படியானால் அப்படியே செய்யச் சொன்னார். நான் கதவுவரை வந்த பிறகுதான் மீதியைச் சொன்னார். "பேசாத நேரத்துல மட்டும் கை வைக்காதம்மா."

பேச்சுக்கு இடம் ஒதுக்குவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், நான் என்னவோ யாரும் எதுவும் பேச முடியாத நேரங்களுக்குக் காவல் இருந்துவிட்டு அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.